இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு எம்.ஆர்.எஸ்.ஏ கிருமி: மறுபடி திறந்து கழுவத்தான் வேண்டுமா?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். அம்பாசமுத்திரம் பக்கம் ஊர். அம்மாவுக்கு 66 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, முழு மூட்டையும் மாற்றியிருக்கிறார்கள். இன்றைக்கு 24-ஆவது நாள். தையல் பிரித்த இடத்தில் கீழ் ஓரத்தில் நாலைந்து நாளாக நீர் கசிகிறது, துணியில் மஞ்சளாகப் படிகிறது. பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்த கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனையில், எம்.ஆர்.எஸ்.ஏ என்று வந்திருக்கிறது. வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி அது. ஆபரேஷன் செய்த டாக்டர் உடனே மறுபடி திறந்து கழுவ வேண்டும் என்கிறார். உங்கள் மாமாவோ, "ஒரு தடவை கத்தி வச்சதே போதும், நல்ல ஊசியாப் போட்டா ஆறிடும்" என்கிறார். எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

டாக்டர் சொல்வதுதான் சரி. இந்த வாரமே செய்துவிடுங்கள். அமாவாசை கழியட்டும், அக்கா பம்பாயிலிருந்து வரட்டும் என்று தள்ளாதீர்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை உங்கள் மாமாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர் தங்கை மேல் இருக்கிற பாசத்தில்தான் வேண்டாம் என்கிறார். விஷயம் விளங்கினால் அவரே முன்னால் நிற்பார்.

நான் எலும்பு டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் 22 வருடமாக ஆய்வகத்தில் கல்ச்சர் பார்க்கிற நுண்ணுயிரியல் டாக்டர். ஆபரேஷன் நுணுக்கம் பற்றி உங்கள் சர்ஜனிடம்தான் கேட்க வேண்டும். கிருமி எப்படி நடந்துகொள்ளும், எந்த மருந்து அதை எட்டும், எது எட்டாது என்பது என் வேலை.

தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர் நீங்கள். படித்துறையில் தண்ணீருக்குள் இருக்கிற கடைசிப் படியில் கால் வைத்தால் வழுக்கும், இல்லையா? அந்தப் பாசி மேல் ராத்திரி பகலாக ஆறு ஓடுகிறது. ஓர் இழை பெயர்வதில்லை. தேங்காய் நாரை வைத்துக் கல்லோடு தேய்த்தால்தான் வரும். செயற்கை மூட்டில் ஒட்டிய கிருமியும் அப்படித்தான். உலோகத்தின் மேலும் பிளாஸ்டிக்கின் மேலும் ஒட்டி உட்கார்ந்ததும் தன்னைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். பயோஃபிலிம் என்கிறோம். அந்தப் படலத்துக்குள் கிருமிகள் பாதித் தூக்கத்தில் கிடக்கும். பெருகுகிற கிருமியைத்தான் பெரும்பாலான ஆன்டிபயாடிக் கொல்லும், தூங்குகிறதை விட்டுவிடும். திரவத்தில் மிதக்கிற கிருமியைக் கொல்லத் தேவையான அளவைப்போல நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மருந்து கொடுத்தால்தான் படலத்துக்குள் இருப்பது சாகும். அவ்வளவு மருந்தை மனித உடம்பில் ஏற்ற முடியாது, கிட்னி தாங்காது. போதாததற்கு, மருந்து ரத்தத்தில்தான் போகிறது. சதைக்கும் எலும்புக்கும் ரத்தம் போகும், உலோகத்துக்குள் போகாது.

இதனால்தான் உங்கள் அம்மாவின் விஷயத்தில் எந்த ஊசி என்பது இரண்டாவது கேள்வி. அந்தப் படலத்துக்கு எத்தனை நாள் வயது என்பதுதான் முதல் கேள்வி. ஆபரேஷன் ஆகி மூன்று நான்கு வாரத்துக்குள் இருந்து, மூட்டும் ஆடாமல் உறுதியாக இருந்தால், படலம் இன்னும் இளசு. திறந்து, கெட்ட சதையை வெட்டி எடுத்து, லிட்டர் கணக்கில் சலைன் விட்டுக் கழுவி, கழற்றக்கூடிய பாகங்களைப் புதிதாக மாற்றி, மூட்டை உள்ளேயே வைத்துக் காப்பாற்றப் பார்க்கலாம். அந்தக் காலம் தாண்டிவிட்டால் கல்லில் பாசி ஏறின கதைதான். முழு மூட்டையும் கழற்ற வேண்டி வரும். உங்கள் அம்மா 24-ஆவது நாளில் இருக்கிறார். நான் அவசரப்படுத்துவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

கழற்றக்கூடிய பாகம் என்று சொன்னேனே, அது தொடை எலும்புத் தண்டின் தலையில் இருக்கிற பந்தும், இடுப்பெலும்புக் கிண்ணத்துக்குள் உள்ளுறையாக இருக்கிற லைனரும். இவற்றை எடுத்தால்தான் பின்னால் மறைந்திருக்கிற இடங்களைத் தேய்க்க முடியும். மாற்றப்போகிறீர்களா என்று சர்ஜனிடம் நேராகவே கேளுங்கள். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் அல்லது ஆபரேஷன் குறிப்பில் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். கம்பெனி, அளவு, எண் எல்லாம் அதில் இருக்கும். அதே கம்பெனியின் அதே அளவுப் பந்தும் லைனரும் உள்ளூரில் இருக்காது, மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வர வேண்டியிருக்கும். அந்தத் தாளை இன்றைக்கே தேடி எடுத்துக் கொடுத்தால் இரண்டு நாள் மிச்சம்.

இப்படிச் செய்தால் சரியாகிவிடுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மூட்டை உள்ளே வைத்துக்கொண்டே கழுவுவதில் சுமாராகப் பத்துக்கு ஆறு பேருக்குப் பலன் கிடைக்கிறது. எம்.ஆர்.எஸ்.ஏ என்றால் கொஞ்சம் குறையும், சீக்கிரம் செய்தால் கூடும். நூற்றுக்கு நூறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வெறும் ஊசியை நம்பி இருப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஊசி போட்டால் கசிவு நிற்கும், காய்ச்சல் இறங்கும், புண் மூடிக்கொள்ளும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். ஊசியை நிறுத்தி மூன்றாவது வாரம் அதே இடத்தில் மறுபடி பிய்த்துக்கொண்டு வரும். அதற்குள் படலம் முற்றியிருக்கும்.

இதை நான் பார்த்திருக்கிறேன். நாங்குநேரிப் பக்கத்து ஆச்சி ஒருவர். ஐந்து மாதத்தில் நாலு இடத்தில் காட்டி, நாலு விதமான மாத்திரை தின்றிருந்தார். புண் மூடும், வெடிக்கும், மறுபடி மூடும். கடைசியில் சீழ் என் மேசைக்கு வந்தது. ஆட்டு ரத்தம் கலந்த ஜெல்லித் தட்டில் தடவி வைத்தோம். அடுத்த நாள் தட்டு சுத்தம். அதற்கடுத்த நாளும் சுத்தம். ஆச்சியின் மகன் முகம் மலர்ந்து, "கிருமி இல்லைன்னு வந்துட்டே, நல்லதுதானே டாக்டரம்மா?" என்றார். நல்லதில்லை என்று அவரிடம் சொல்லவேண்டி வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. உடம்பு முழுக்க மருந்து இருக்கிறபோது எடுத்த சாம்பிளில் கிருமி வளராது. ஆனால் உள்ளே இரும்பின் மேல் அது பத்திரமாக இருக்கும். ஆச்சியை ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் வைத்து, இரண்டு வாரம் எல்லா ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தி, ஆழத்திலிருந்து ஐந்து துண்டு சதை எடுத்து அனுப்பினார்கள். ஆறாவது நாள் ஐந்தில் மூன்று தட்டுகளில் ரவைத் தூள் போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். நம் தோலில் சாதுவாக வாழ்கிற ஸ்டஃபைலோகாக்கஸ் எப்பிடெர்மிடிஸ்தான், ஆனால் ஆஸ்பத்திரி மருந்துகளுக்குப் பழகிப்போனது. முழு மூட்டையும் கழற்ற வேண்டியதாயிற்று. முதல் மாதத்திலேயே ஒருவர் திறந்து பார்த்திருந்தால் அந்த ஆச்சி அவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாம்.

அதனால் உங்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். பஞ்சுக்குச்சியில் மேலாகத் துடைத்து எடுத்த கல்ச்சரை முழுசாக நம்பாதீர்கள். புண்ணின் வாயில் இருக்கிற கிருமியும் மூட்டில் இருக்கிற கிருமியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. ஆபரேஷனின்போது ஆழத்தில் ஐந்தாறு இடத்தில், ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவியால், தனித்தனி டப்பாவில் சதை எடுக்க வேண்டும். இரண்டு டப்பாவிலாவது ஒரே கிருமி வந்தால்தான் குற்றவாளி அதுதான் என்று உறுதி. அம்மாவுக்கு இப்போது காய்ச்சல், குளிர் நடுக்கம், பிரஷர் இறங்குவது, மயக்கமாகப் பேசுவது இவை எதுவும் இல்லையென்றால், சாம்பிள் எடுக்கும் வரை புது ஆன்டிபயாடிக் ஆரம்பிக்க வேண்டாம் என்றுதான் டாக்டரும் சொல்வார். இவற்றில் ஒன்று வந்தாலும் சாம்பிளுக்காகக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே எமர்ஜென்சிக்குக் கொண்டுபோங்கள்.

சாம்பிள்களில் ஒன்றைக் காசநோய்க்கான சிபிநாட் சோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். நம் நாட்டில் இடுப்பு மூட்டிலும் காசநோய் வரும், சாதாரண கல்ச்சரில் அது வளராது. அம்மாவுக்கு அது இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பின்னால் கொடுக்கப்போகிற ஒரு மருந்துக்கு இந்தச் சோதனை தேவை. அதைக் கீழே சொல்கிறேன்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். செஃபாக்சிட்டின் என்ற வரிக்கு நேரே ஆர் (கிருமி அந்த மருந்துக்கு அடங்காது) என்று போட்டிருந்தால் அது எம்.ஆர்.எஸ்.ஏ. அதாவது அமாக்சிசிலின் கிளாவுலனேட், செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் என்று நாம் வழக்கமாக வாங்குகிற கூட்டம் முழுக்க வேலைக்கு ஆகாது. பெயரில் இருக்கிற எம் மெத்திசிலின் என்ற மருந்தைக் குறிக்கும். அது 1959-இல் வந்தது, 1961-லேயே இங்கிலாந்தில் அதற்கு அடங்காத கிருமியைக் கண்டுவிட்டார்கள். அவ்வளவு வேகம். அடுத்து, எஸ் (கிருமி அடங்கும்) என்று போட்ட மருந்துகளுக்குப் பக்கத்தில் 0.5, 1, 2 என்று எண் இருக்கும். கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு அது. எண் குறைவாக இருக்கிற மருந்துதான் பலமானது என்று நினைத்து அதையே கேட்கிறவர்கள் நிறையப் பேர். ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது, ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் வேறு. வான்கோமைசினுக்கு மட்டும் எண் கட்டாயம் இருக்க வேண்டும். மருந்து தோய்த்த காகித வில்லையைத் தட்டில் வைத்துப் பார்க்கிற சோதனையை ஸ்டஃபைலோகாக்கஸில் வான்கோமைசினுக்கு நம்ப முடியாது. எண் இல்லாமல் வெறும் எஸ் என்று இருந்தால் ஆய்வகத்தில் போய்க் கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம். கிளிண்டமைசினுக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. எரித்ரோமைசின் வில்லையைப் பக்கத்தில் வைத்தால், கிளிண்டமைசினைச் சுற்றி வட்டமாக இருக்க வேண்டிய தெளிந்த இடம் ஒரு பக்கம் தட்டையாகி ஆங்கில டி எழுத்துப் போல் ஆகும். அப்படி ஆனால் மேலுக்கு எஸ் போலத் தெரிந்தாலும் மருந்து பாதியில் கைவிட்டுவிடும்.

கழுவிய பிறகு முதலில் வான்கோமைசின் அல்லது டெய்கோபிளானின் நரம்பு வழியாகப் போகும். வான்கோமைசின் எடைக்கு ஏற்ற அளவில் போட வேண்டும், குறைந்தது ஒரு மணி நேரம் மெதுவாக இறங்க வேண்டும். வேகமாக விட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். அதைப் பார்த்து அலர்ஜி என்று பயந்து மருந்தையே மாற்றிவிடுகிறார்கள். சொட்டின் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினினை வாரத்தில் இரண்டு தடவை பாருங்கள். டெய்கோபிளானின் முதல் சில டோஸுக்குப் பிறகு நாளைக்கு ஒரு முறை போதும் என்பதால், தினமும் அம்பையிலிருந்து பாளையங்கோட்டைக்கு அலையாமல் உள்ளூர் ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொள்ளலாம்.

காசநோய்ச் சோதனை தேவை என்று மேலே சொன்னேனே, அந்த மருந்து ரிஃபாம்பிசின். ஆமாம், காசநோய் மருந்தேதான். ஸ்டஃபைலோகாக்கஸின் படலத்துக்குள் நுழைந்து தூங்குகிற கிருமியையும் தொடக்கூடிய ஒரு சில மருந்துகளில் ஒன்று. 1998-இல் சுவிட்சர்லாந்தில் செய்த ஒரு சின்ன ஆய்வில், மூட்டைக் கழற்றாமல் கழுவியவர்களில் ரிஃபாம்பிசினும் சேர்த்துச் சிகிச்சையை முடித்த 12 பேரும் குணமானார்கள். அது இல்லாமல் முடித்தவர்களில் 12-க்கு 7 பேர்தான். 2020-இல் வந்த நார்வே ஆய்வில் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. அப்படியிருந்தும், மூட்டை உள்ளே வைத்துக் காப்பாற்றுகிறபோது இதைச் சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் மூன்று நிபந்தனை. தனியாக ஒருநாளும் கொடுக்கக் கூடாது, சில நாளிலேயே கிருமி பழகிவிடும். புண் கசிகிறபோது ஆரம்பிக்கக் கூடாது, கழுவி முடிந்து, நீர் வடிய வைத்த டிரெய்ன் குழாயை எடுத்து, கட்டு காய்ந்த பிறகுதான். காசநோய் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஒளிந்திருக்கிற காசநோய்க் கிருமியையும் மருந்துக்கு அடங்காததாக ஆக்கிவிடுவோம்.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், கண்ணீர்கூட நிறம் மாறும், பயப்பட வேண்டாம். ஆனால் இதைக் கவனியுங்கள்: மூட்டு மாற்றியவர்களுக்கு ரத்தம் கட்டாமல் இருக்க அபிக்சபான் அல்லது ரிவரோக்சபான் கொடுத்திருப்பார்கள். ரிஃபாம்பிசின் அவற்றின் வேலையைக் கெடுத்துவிடும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையின் பலமும் குறையும், சர்க்கரை ஏறும். அம்மா சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் அட்டையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே டாக்டர் மேசையில் கொட்டிக் காட்டுங்கள். பெயரை நினைவில் வைத்துச் சொல்வதைவிட அதுதான் பத்திரம்.

எத்தனை நாள் ஊசி, எத்தனை நாள் மாத்திரை? ஆறு வாரமும் ஊசிதான் போட வேண்டும் என்று முன்பு பிடிவாதமாக இருந்தோம். 2019-இல் பிரிட்டனில் 1,054 பேரை வைத்துச் செய்த ஆய்வு அதை மாற்றிவிட்டது. ஆரம்பத்திலேயே சரியான மாத்திரைக்கு மாறியவர்களும் ஆறு வாரம் ஊசி போட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தோற்றார்கள், 13 சதவீதம், 15 சதவீதம் என்று. ஆகவே ஊசிதான் உசத்தி, மாத்திரை மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் நாளைக் குறைக்கக் கூடாது. 2021-இல் பிரான்சில் ஆறு வாரத்தையும் பன்னிரண்டு வாரத்தையும் ஒப்பிட்டபோது, ஆறு வாரத்தில் நிறுத்தியவர்களில் 18 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, பன்னிரண்டு வாரம் சாப்பிட்டவர்களில் 9 சதவீதம். மூட்டை உள்ளேயே வைத்துக் கழுவியவர்களில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஆக அம்மாவுக்கு மூன்று மாதம் என்று மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

ரிஃபாம்பிசினுக்குத் துணையாக எந்த மாத்திரை என்பதை ஆழத்துக் கல்ச்சர்தான் சொல்லும். டாக்சிசைக்ளின், கோட்ரைமாக்சசோல் இரண்டும் விலை குறைந்தவை, எம்.ஆர்.எஸ்.ஏவுக்குப் பல நேரம் கேட்கும். லினிசோலிட் நல்ல மருந்து, ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பிளேட்லெட் இறங்கலாம், ஒரு மாதம் தாண்டினால் கால் மரத்துப்போகலாம், சில பேருக்குப் பார்வையும் பாதிக்கும். சர்க்கரையால் ஏற்கெனவே பாதம் மரத்தவர்களுக்கு மூன்று மாதம் கொடுக்கிற மருந்து இல்லை அது. மருந்துக் கடையில் "முந்தி வாங்கினதுதானே" என்று நீங்களாக இன்னொரு அட்டை வாங்கிவிடாதீர்கள்.

ஆழத்துச் சாம்பிளில் எம்.ஆர்.எஸ்.ஏவுக்குப் பதிலாக ஈ.கோலையோ கிளெப்சியெல்லாவோ (குடலில் வாழ்கிற வேறு வகைக் கிருமிகள்) வந்தால் கதை வேறு. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் அதுவும் நிறையவே வருகிறது. மெரோபெனம் என்ற ஊசி மருந்துக்கு அடங்கினால் ஓரளவு நிம்மதி. அதற்கும் அடங்காத வகைக்கு கொலிஸ்டின் கொடுப்பதுண்டு, கிட்னிக்கு அது கடினமான மருந்து. செஃப்டாசிடிம் அவிபாக்டமோடு அஸ்ட்ரியோனம் சேர்த்துக் கொடுப்பது இப்போது பல இடத்தில் கைகொடுக்கிறது, விலைதான் கண்ணைக் கட்டும். அந்த நிலை வந்தால் பெரிய மையத்துக்குப் போக வேண்டியிருக்கும். வராமல் இருக்கட்டும்.

கழுவியும் திரும்ப வந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அப்போது பதற வேண்டியிருக்காது. முழு மூட்டையும் எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமென்ட்டில் செய்த தற்காலிக மூட்டு ஒன்றை வைப்பார்கள், ஸ்பேசர் என்று பெயர். சிமென்ட்டில் ஜென்டாமைசினைக் கலந்தால் அது கசிந்து அந்த இடத்திலேயே வேலை செய்யும் என்று 1970-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் புக்ஹோல்ஸ் என்ற சர்ஜன் காட்டினார். நரம்பு வழியாக ஏற்ற முடியாத அளவு மருந்து மூட்டின் இடத்திலேயே கிடைக்கும் என்பதுதான் இதன் அருமை. ஆறு வாரம் மருந்து, பிறகு கொஞ்சம் இடைவெளி, அழற்சியைக் காட்டுகிற சி.ஆர்.பி என்ற ரத்தச் சோதனை அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புது மூட்டு. ஒரே ஆபரேஷனில் எடுத்து வைப்பதும் உண்டு. தகுந்த நோயாளிகளில் அதுவும் குறைவில்லை. எந்த வழியில் போனாலும் பத்தில் ஒருவருக்குப் போலத் திரும்ப வரலாம். நாங்குநேரி ஆச்சி இப்படி இரண்டு கட்டமாகச் செய்து, இப்போது கம்பு ஊன்றிக் கோவிலுக்குப் போய் வருகிறார்.

செலவுக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில், முதல் ஆபரேஷனுக்கு எவ்வளவு போயிற்று, இதற்கு எவ்வளவு மீதம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தனியாரில் முடியாது என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிற அரசுப் பெரியாஸ்பத்திரிக்குப் போவதில் எந்தக் குறையும் இல்லை. எலும்புப் பிரிவும் கல்ச்சர் பார்க்கிற ஆய்வகமும் அங்கேயே இருக்கின்றன. சாம்பிள் வெயிலில் பஸ்ஸில் போகாமல் அரை மணி நேரத்தில் தட்டுக்கு வந்துவிடும். என் அனுபவத்தில் அது பெரிய விஷயம்.

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது சர்க்கரை. சர்க்கரை 250, 300 என்று நிற்கிறபோது எந்த மருந்தாலும் புண் ஆறாது. கொஞ்ச நாளைக்கு இன்சுலின் போடச் சொன்னால் மறுக்காதீர்கள். கட்டை நீங்களாகப் பிரித்துப் பார்க்க வேண்டாம். மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவச் சொல்லி யாராவது வருவார்கள், அன்பாகச் சொல்லி அனுப்பிவிடுங்கள். முட்டை, பயறு, மீன் என்று புரதம் போகட்டும். பத்தியம் என்று கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்தால் சதை எதை வைத்து வளரும்?

ஆபரேஷன் அன்றைக்கு, சாம்பிள் அனுப்புகிற தாளில் "14 நாள் வைத்துப் பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறதா என்று நர்ஸிடம் கேளுங்கள். எழுதாவிட்டால் இரண்டாம் நாளோ ஐந்தாம் நாளோ தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், மெதுவாக வளர்கிற கிருமி தப்பிவிடும். இரண்டாம் மூன்றாம் நாளில் முதல் ரிப்போர்ட் வரும். அதோடு அம்மாவின் எடை, கிரியாட்டினின், இப்போது சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயர், இந்த மூன்றையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். எந்த மாத்திரையைத் துணையாகக் கேட்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். அதை எடுத்துப் போய் உங்கள் சர்ஜனிடம் பேசலாம்.